புரோகிராம் எழுதினால் போதுமா?

(முன்னாள் மாணவர் சங்க ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் அண்ணன் போன் செய்து, "உன் தொழில் சம்பந்தமா ஏதாவது பேசுப்பா, பசங்களுக்கு உபயோகமா இருக்கட்டும்" என்றார். என்ன தலைப்பு என்று கேட்டார். "புள்ளியியல் பேக்கேஜுக்கு ஹெல்ப் பக்கம் எழுதறதைப் பத்தி" என்றேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "வேற ஏதாவது இருந்தா..." என்று இழுத்தார். அவர் தயங்கியதில் தப்பில்லை. புரோகிராம் எழுதுவது வீரம், அதற்கு விளக்கம் எழுதுவது கிளார்க் வேலை என்றுதான் நானும் ரொம்ப நாள் நினைத்துக் கொண்டிருந்தேன். நினைப்பு மாறியது ஒரு காற்றால். அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

ஆர் என்றொரு கம்ப்யூட்டர் மொழி இருப்பது இங்கே பல பேருக்குத் தெரிந்திருக்கும். நியூசிலாந்தில் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாகா, ராபர்ட் ஜென்டில்மேன் என்ற இரண்டு பேராசிரியர்கள் தொடங்கியது. இரண்டு பேர் பெயரும் ஆர் என்ற எழுத்தில்தான் ஆரம்பம். முதல் முழுப் பதிப்பு 2000ஆம் வருஷம் பிப்ரவரி 29ஆம் தேதி வெளிவந்தது. காசு கிடையாது, யார் வேண்டுமானாலும் எடுத்துக் கொள்ளலாம், யார் வேண்டுமானாலும் அதற்குப் பேக்கேஜ் எழுதிச் சேர்க்கலாம். நான் பிழைப்பது அதில்தான்.

அதில் கேள்விக்குறி போட்டு ஒரு ஃபங்ஷனின் பெயரைத் தட்டினால் அதற்குரிய உதவிப் பக்கம் வந்து நிற்கும். கேள்விக்குறி, மீன் என்று அடித்தால் சராசரி பற்றிய பக்கம் வரும். (ராயபுரத்து ஆட்கள் சிரிக்கக் கூடாது. அங்கே மீன் என்றால் சராசரி. காசிமேட்டுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.)

இந்தப் பக்கத்தை யார் படிக்கிறார்கள் என்று கேட்பீர்கள். நான் மாணவனாக இருந்தபோது படித்ததில்லை. விடை வந்து விழுகிறதே, படிப்பானேன்? ஒரு உதாரணம் பாருங்கள். ஆர் கூடவே வரும் மாதிரித் தரவுகளில் ஏர்குவாலிட்டி என்று ஒன்று உண்டு. 153 வரிசைகள். முதல் வரிசையில் வெப்பம் 67 என்று இருக்கும். அறுபத்தேழு டிகிரியா! மே மாதத்து மணலியில்கூட அவ்வளவு அடிக்காதே என்று தோன்றும். உதவிப் பக்கத்தைத் திறந்தால்தான் விஷயம் தெரியும். அது 1973 மே முதல் செப்டம்பர் வரை நியூயார்க்கில் எடுத்த கணக்கு. வெப்பம் ஃபாரன்ஹீட்டில், அதுவும் லா கார்டியா விமான நிலையத்தில் அளந்த அன்றைய அதிகபட்சம். காற்றின் வேகம் மணிக்கு இத்தனை மைல் என்ற கணக்கு, அதுவும் காலை 7 மணிக்கும் 10 மணிக்கும் எடுத்ததன் சராசரி. ஓசோன் அளந்தது வேறொரு தீவில், மத்தியானம் 1 மணியிலிருந்து 3 மணி வரை. இதெல்லாம் எண்களுக்குள் இல்லை. பக்கத்தில்தான் இருக்கிறது. அந்த ஒரு பக்கம் தொலைந்து போனால் 153 வரிசையும் வெறும் எண்தான்.

அதே தரவில் ஓசோனுக்குச் சராசரி கேட்டால் என்.ஏ. என்று பதில் வரும், அதாவது 'கிடைக்கவில்லை'. 37 நாட்களுக்கு அளவே பதிவாகவில்லை. விட்டுப்போனதைத் தள்ளிவிட்டுக் கணக்குப் போடு என்று நாமாகச் சொன்னால்தான் 42.13 என்ற விடை வரும். தானாகவே தள்ளிவிட்டிருக்கலாமே என்று எனக்கு முன்பு எரிச்சலாக இருக்கும். இப்போது கும்பிடத் தோன்றுகிறது.

இன்னும் இரண்டு சொல்லிவிடுகிறேன். திட்ட விலக்கம் கணக்கிடும் எஸ்.டி. என்ற ஃபங்ஷன் எண்ணிக்கையால் வகுக்கிறதா, அதில் ஒன்று குறைத்து வகுக்கிறதா? நம் காலத்து கால்குலேட்டரில் இரண்டுக்கும் தனித்தனி பட்டன் இருந்தது, பரீட்சையில் மாற்றி அமுக்கி மார்க்கை விட்டவர்கள் இங்கேயே உட்கார்ந்திருக்கிறோம். ஆரில் ஒன்று குறைத்துத்தான். அதன் உதவிப் பக்கத்தில் ஒரே வரியில் இருக்கிறது. அடுத்தது நம் நாட்டுச் சரக்கு. கல்கத்தாவில் 1931ல் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தொடங்கிய மகலனோபிஸ், 1936ல் ஒரு தூர அளவை வெளியிட்டார். அவர் பெயரிலேயே ஆரில் ஒரு ஃபங்ஷன் உண்டு. ஆனால் அது தருவது தூரத்தை அல்ல, தூரத்தின் வர்க்கத்தை. பக்கத்தைப் படிக்காதவன் அதை மறுபடியும் வர்க்கப்படுத்தி, நல்ல மெஷினைக் கெட்டுப்போனது என்று எழுதிவிடுவான். எழுதியவனை எனக்கு நன்றாகத் தெரியும், இப்போது மைக் முன்னால் நிற்கிறான்.

சரி, காற்றுக் கதைக்கு வருகிறேன்.

சில வருஷங்களுக்கு முன் நான் வேலை பார்த்த இடத்தில், பெயர் வேண்டாம், தொழிற்சாலைகளுக்காகக் காற்றுத் தூய்மை அளவுகளை அலசி அறிக்கை தயாரிப்போம். எண்ணூர், மணலி, திருவொற்றியூர் என்று நம் சுற்றுவட்டாரம்தான். எல்லாரும் அவரவர் எக்செல் பைலில் அடித்துக் கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, நான் ஆரில் ஒரு சின்னப் பேக்கேஜ் எழுதினேன். ஆபீசுக்குள் மட்டும் ஓடுவது. அதில் ஒரு ஃபங்ஷன், காற்று அடிக்கும் திசைக்குச் சராசரி எடுப்பது.

திசைக்குச் சராசரி எடுப்பது சாதாரணக் கூட்டல் வகுத்தல் இல்லை. வடக்கு என்பது 360 டிகிரி. காற்று ஒரு மணி நேரம் 350லிருந்தும் அடுத்த மணி நேரம் 10லிருந்தும் அடித்தால், இரண்டும் கிட்டத்தட்ட வடக்குக் காற்றுதான். கூட்டி இரண்டால் வகுத்தால் வருவது 180, சுத்தமான தெற்கு. வடக்கே இருக்கும் புகைபோக்கி தப்பித்துவிடும், தெற்கே இருக்கிறவன் மாட்டிக் கொள்வான். இது எனக்குத் தெரியும். அதனால் திசையைச் சைன், கொசைன் என்று பிரித்துச் சரியாகத்தான் கணக்குப் போட்டிருந்தேன். காற்றே அசையாத நேரத்தை வானிலைப் பதிவில் 0 என்று போடுவார்கள், அதை வடக்கு என்று எடுத்துக் கொள்ளக் கூடாது. அதையும் தள்ளியிருந்தேன். புரோகிராமில் ஒரு குறையும் இல்லை, இன்றைக்கும் சத்தியம் பண்ணுவேன்.

உதவிப் பக்கத்தில் நான் எழுதியிருந்தது இவ்வளவுதான். விளக்கம்: காற்றின் திசைக்குச் சராசரி கணக்கிடும். உள்ளீடு: காற்றின் திசை. விடை: சராசரித் திசை. முடிந்தது. 'பம்ப் என்றால் பம்ப்' என்கிற மாதிரி.

நான் வேறு பிரிவுக்குப் போனேன். புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் அந்த வேலையை எடுத்துக் கொண்டாள். கெட்டிக்காரப் பெண். ஒரு வாடிக்கையாளர் புது மாதிரி பைல் ஒன்று கொடுத்தார். கடல் நீரோட்டம் அளக்கும் கருவிகளோடு சேர்ந்து வந்த காற்றுப் பதிவு. துறைமுகத்தில் வேலை செய்கிறவர்களுக்குத் தெரியும். காற்றை எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று சொல்வார்கள், நீரோட்டத்தை எந்தப் பக்கம் போகிறது என்று சொல்வார்கள். அந்த பைலைத் தயாரித்தவர், எல்லாம் ஒரே மாதிரி இருக்கட்டும் என்று காற்றையும் 'போகிற பக்கம்' என்றே மாற்றி வைத்திருந்தார். 'காற்றின் திசை' என்ற தலைப்பில் எண் இருக்கிறது, என் ஃபங்ஷனும் 'காற்றின் திசை' கேட்கிறது. அந்தப் பெண் கொடுத்தாள். அது வாங்கிக் கொண்டது. விடையும் வந்தது.

மாத அறிக்கை போயிற்று. தூசி அதிகமான நேரங்களில் காற்று மேற்கிலிருந்து, அதாவது ஜனங்கள் குடியிருக்கும் தெருக்கள் பக்கமிருந்து வீசியது என்று அதில் இருந்தது. கிழக்கே ஒரு நிலக்கரி யார்டு. அதற்கும் தூசிக்கும் சம்பந்தமில்லை என்று படிக்கிறவர் எடுத்துக் கொள்வார்.

அடுத்த மாத அறிக்கைக்குப் படங்களை மேஜையில் பரப்பி வைத்திருந்தோம். ஸ்டோர்சிலிருந்து ஏதோ கையெழுத்து வாங்க வந்த ஒரு அண்ணன், திருவொற்றியூர் குப்பத்துக்காரர், குனிந்து பார்த்தார்.

"இன்னாப்பா இது, அம்புக்குறி?"

"காத்து அண்ணே. மே மாசம், சாயங்காலம் நாலு மணிலேர்ந்து ஏழு மணி வரைக்கும். எந்தப் பக்கத்துலேர்ந்து வருதுன்னு போட்டிருக்கு."

அவர் இன்னும் கொஞ்சம் உற்றுப் பார்த்தார். "ஏம்பா, சாயங்காலம் கடக்காத்து கரைக்கு வராம கடலுக்கா போவுது உங்க ஊர்ல?"

அவ்வளவுதான் கேட்டார். கையெழுத்து வாங்கிக் கொண்டு போய்விட்டார். நாங்கள் மூன்று பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக் கொண்டோம். கோடை சாயங்காலத்தில் காற்று கடலிலிருந்து கரைக்கு வீசும் என்பது இந்தக் கரையில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். இன்ஜினியரிங் படித்த மூன்று பேருக்குப் படத்தில் தெரியவில்லை.

போன அறிக்கையைத் திரும்பப் பெற்றுத் திருத்தம் அனுப்பினோம். அது அவ்வளவு சுலபமாக நடக்கவில்லை, அந்தக் கதை இங்கே வேண்டாம். மேனேஜர் அந்தப் பெண்ணைப் பிடித்துக் கொண்டார். "பைலைப் பார்க்காமயா போட்டே?" என்று சத்தம். அவள் ஒன்றும் பேசாமல் என் உதவிப் பக்கத்தை பிரிண்ட் எடுத்து வந்து அவர் முன்னால் வைத்தாள். "சார், இதுல எங்கே சார் போட்டிருக்கு?" என்றாள். என்னைப் பார்க்கக்கூட இல்லை. எனக்கு முகத்தை எங்கே வைத்துக் கொள்வது என்று தெரியவில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், தமிழில் இந்தக் குழப்பம் வரவே வராது. வாடை என்றால் வடக்கிலிருந்து வருவது. தென்றல் தெற்கிலிருந்து. கொண்டல் கிழக்கிலிருந்து. பெயருக்குள்ளேயே உதவிப் பக்கம் இருக்கிறது. நான் டிகிரியில் மாற்றிக் கொண்டு, அந்தப் பாதியை வெளியே விட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகுதான் ஆர் பேக்கேஜ்களின் உதவிப் பக்கம் எப்படி அமைகிறது என்று ஒழுங்காக உட்கார்ந்து படித்தேன். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஆர்.டி. என்ற வகை பைல் ஒன்று உண்டு. அதில் இன்ன பகுதி இருக்க வேண்டும் என்று வரையறை உண்டு. தலைப்பு, விளக்கம், கூப்பிடும் முறை, உள்ளீடுகள், விவரம், திரும்பக் கிடைப்பது, உதாரணங்கள். தலைப்பு 65 எழுத்துக்குள் இருக்கட்டும், முடிவில் புள்ளி வைக்காதே என்பது வரை சொல்லியிருக்கிறார்கள். ஆரம்பத்தில் இதெல்லாம் சர்க்கார் ஆபீஸ் படிவம் மாதிரி இருக்கிறதே என்று நினைத்தேன். படிவத்துக்கு ஒரு நன்மை உண்டு: காலியாக விட்ட கட்டம் கண்ணில் படும். உள்ளீடு என்ற கட்டத்தில் 'காற்றின் திசை' என்று எழுதிவிட்டு நிமிர்ந்தால் கை கூச வேண்டும். எந்த அலகு? எங்கிருந்து எங்கே? பூஜ்யம் வந்தால் என்ன அர்த்தம்? விட்டுப்போனது எத்தனை இருந்தால் பரவாயில்லை?

மெஷினும் கொஞ்சம் சரிபார்க்கும். பேக்கேஜைச் சோதிக்கச் சொன்னால், புரோகிராமில் இருக்கும் உள்ளீடு எல்லாம் பக்கத்தில் இருக்கிறதா, பெயர் பொருந்துகிறதா என்று பார்த்துவிடும். உதாரணங்களை எல்லாம் நிஜமாகவே ஓட்டிப் பார்க்கும். ஒன்று முறிந்தாலும் தப்பு என்று சொல்லும். உலகத்துக்குப் பொதுவான கிரான் என்ற களஞ்சியத்தில் வைக்க வேண்டுமானால் இந்தச் சோதனையில் தேறியாக வேண்டும். ஆனால் 'காற்றின் திசை' என்று எழுதினால் அதற்கும் பாஸ் போட்டுவிடும். அர்த்தம் இருக்கிறதா என்று பார்க்க மனுஷன்தான் வேண்டும்.

எழுத்தின் வடிவம், அலங்காரம் பற்றியும் ஒரு வார்த்தை. புரோகிராமில் தட்ட வேண்டிய சொல்லை டைப்ரைட்டர் எழுத்திலும், மற்றதைச் சாதாரண எழுத்திலும் போடுவது அழகுக்காக அல்ல. எதைத் தட்டுவது, எதைப் படிப்பது என்று பிரித்துக் காட்ட. இந்தத் துறையில் நம் நாட்டுக்காரர் ஒருவரைச் சொல்லியாக வேண்டும். தீபாயன் சர்க்கார், டில்லி இந்தியப் புள்ளியியல் நிறுவனத்துப் பேராசிரியர், ஆரைப் பராமரிக்கும் மையக் குழுவில் ஒருவர். ஆரோடு கூடவே வரும் லேட்டிஸ் என்ற வரைபடப் பேக்கேஜ் அவர் எழுதியது. 2022 ஏப்ரலில் வந்த 4.2.0 பதிப்பில் உதவிப் பக்கங்களின் தோற்றம் மாறியது. கணிதச் சூத்திரங்கள் ஒழுங்காக அச்சிட்ட மாதிரி தெரிய ஆரம்பித்தன, உதாரணங்களில் சொற்கள் வண்ணம் பிரிந்து தெரிந்தன, உதாரணத்தை ஓட்டினால் விடையைப் பிரவுசரிலேயே பார்க்க முடிந்தது. அந்த வேலையைச் செய்தவர்களில் அவரும் ஒருவர். உலகம் பூராவும் படிக்கும் ஒரு பக்கத்தின் முகம் டில்லியிலிருந்து மாறியிருக்கிறது.

நான் திருத்தி எழுதியது அவ்வளவு சுலபமாக முடியவில்லை. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தரும் காற்றுத் தரக் குறியீட்டுக்கு ஒரு நாளில் குறைந்தது 16 மணி நேரப் பதிவு இருக்க வேண்டும். கிட்டத்தட்ட 66 சதவீதம். அதே விதியைத்தான் நானும் வைத்திருந்தேன். இந்தத் தடவை உஷாராக, 66 என்று போட்டு, சதவீதக் குறி போட்டு, இதற்குக் குறைவாகப் பதிவுள்ள நாட்களுக்கு விடை என்.ஏ. என்று விவரமாக எழுதினேன். சோதனையில் ஒரு குறையும் சொல்லவில்லை. இரண்டு மாதம் கழித்து அந்தப் பெண்ணே வந்து, "சார், உங்க பக்கத்துல ஒரு வாக்கியம் பாதியில நிக்குது" என்றாள். பார்த்தால் 66க்குப் பிறகு ஒன்றுமே இல்லை. ஆர்.டி. பைலில் சதவீதக் குறி வந்தால், அங்கிருந்து வரி முடியும் வரை வெறும் குறிப்பு என்று விட்டுவிடும். அதற்கு முன்னால் ஒரு பேக்ஸ்லாஷ் போட்டிருக்க வேண்டும். என் முக்கியமான நிபந்தனையை அப்படியே விழுங்கிவிட்டு மெஷின் சாதுவாக இருந்தது. அதனால் தம்பிகளே, எழுதி முடித்ததும் எழுதின பைலைப் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். படிக்கிறவன் கண்ணுக்கு வரும் பக்கத்தைத் திறந்து, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படியுங்கள். அந்தப் பெண்தான் இப்போதெல்லாம் நான் எழுதுவதை முதலில் படிக்கிறாள். தயவு தாட்சண்யம் கிடையாது.

தமிழில் எழுதக் கூடாதா என்று போன வருஷம் ஒரு தம்பி கேட்டான். எழுதலாம். எழுதியும் பார்த்தேன். யூனிகோட் என்று சொல்லிவிட்டால் பிரவுசரில் திறக்கும் பக்கத்தில் தமிழ் நன்றாகவே வருகிறது. பி.டி.எஃப். மேனுவல் எடுக்கப் போனபோதுதான், இந்த எழுத்து எனக்குத் தெரியாது என்று வழக்கமான லேடெக் கையை விரித்துவிட்டது. அதனால் பேக்கேஜின் பக்கங்கள் ஆங்கிலத்திலேயே இருக்கின்றன. பிளாண்டில் அளவெடுக்கிறவர்களுக்காக மட்டும் தனியாக நான்கு பக்கம் தமிழில் எழுதி பிரிண்ட் போட்டுக் கொடுத்தோம். அதில் திசை என்ற இடத்தில் டிகிரிக்குப் பக்கத்தில் வாடை, கொண்டல், தென்றல், மேல்காற்று என்று போட்டேன். அதற்குப் பிறகு அந்த நான்கு பக்கத்தைப் பார்த்துக் கொண்டே அவர்கள் எங்களிடம் கேள்வி கேட்க ஆரம்பித்தார்கள். முன்பெல்லாம் கேட்கவே மாட்டார்கள்.

2023 டிசம்பர் நம் பகுதிக்கு எப்படிப்பட்ட மாதம் என்று சொல்லத் தேவையில்லை. மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் வந்தது. அது காய்வதற்குள் 26ஆம் தேதி நள்ளிரவு, பெரியகுப்பம் அருகே கடலுக்கடியில் போகும் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, மூச்சுத் திணறி ஜனங்கள் தெருவுக்கு ஓடி வந்தார்கள். அன்றைக்கு எங்கள் வீட்டில் எல்லாரும் முதலில் கேட்டது ஒன்றுதான்: காத்து எந்தப் பக்கத்துலேர்ந்து அடிக்குது? என் அம்மா மொட்டை மாடிக்குப் போய் முந்தானையைப் பிடித்துப் பார்த்துவிட்டு வந்து சொன்னார். நான் போனில் எண்ணைப் பார்த்துக் கொண்டிருந்தேன். அந்த எண்ணுக்குப் பக்கத்தில், அது வருகிற திசையா போகிற திசையா என்று எழுதியிருக்கவில்லை. அம்மா சொன்னதைத்தான் நம்பினேன்.

திருத்திய உதவிப் பக்கத்தின் பிரிண்டுகள் கொஞ்சம் கொண்டு வந்திருக்கிறேன், வெளியே டீ கொடுக்கும் மேஜையில் இருக்கிறது. பழைய மூன்று வரிப் பக்கத்தையும் கூடவே வைத்திருக்கிறேன், சிரித்துக் கொள்ளுங்கள். கடைசி வருஷத் தம்பி தங்கைகள் ப்ராஜெக்டுக்கு எழுதும் புரோகிராமின் உதவிப் பக்கத்தை எனக்கு அனுப்பினால் படித்துப் பார்த்துச் சொல்கிறேன். புரோகிராமை அனுப்ப வேண்டாம், பக்கம் மட்டும் போதும். அதை வைத்துக் கொண்டு என்னால் அதை ஓட்ட முடிகிறதா என்று பார்க்கிறேன்.